அவள் வீடியோவும் என் படிக்கட்டும்

மந்தாரக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மாமாவுக்கு எழில்மதி எழுதுவது.

நானும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒடிசா வெயில் நம் ஊர் வெயிலை விடக் கொடுமை என்று கொளஞ்சிநாதன் அண்ணன் சொன்னார். அவசரத்தில் வெல்டிங் கண்ணாடி போடாமல் வேலை பார்க்காதீர்கள். அண்ணன் லீவு முடிந்து நாளைக்கு உங்கள் சைட்டுக்குக் கிளம்புகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். காடாம்புலியூரிலிருந்து அவர் கொண்டுவந்த முந்திரியை அத்தை நெய்யில் வறுத்து டப்பாவில் போட்டிருக்கிறார். அறையில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சப்பாத்தி தேய்க்கிறீர்கள். நான் சொல்லப் போவதை உங்கள் அறைக்காரர்கள் எல்லாரும் கேட்க வேண்டாம். தவிர, வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். நீங்கள் காரணம் கேட்காமலே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

போன வாரம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினீர்கள். எங்கள் ஜவுளிக்கடை வாசலில், வெயிலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண் நியாயம் கேட்கிற வீடியோ. கீழே வரிசையாகக் கும்பிடு போட்டு, "உன் கடைதான இது? என்னா தைரியம் பாரு அந்தப் பொண்ணுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. நீங்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாமா, அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஊன்றுகோலோடு ஒருத்தி நிற்கிறாள். அது நான். ஊரே பார்த்த வீடியோவில் நீங்கள் கூட என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பெயர் காயத்ரி. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அப்பா சுரங்கத்தில் என்ஜினீயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டியில் போகும்போது லாரி இடித்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றைக்குத் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருந்தாள். எங்கள் கடைப் படிகள் உங்களுக்குத் தெரியும். சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று ஆள் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, கிரானைட் போட்டது. சேல்ஸ்மேன் வேணு இறங்கிப் போய், "நாலு பேரா தூக்கிடறோம் மேடம்" என்றான். அவள், "தூக்க வேணாங்க. புடவை எடுக்க வந்தவ நான். நானேதான் உள்ள வரணும்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். முதலாளி சிங்காரவேலு சோடாவோடு ஓடினார். அவள் வாங்கவில்லை. உங்கள் கடையில் வேலை செய்கிறவர்களில் என்னைப் போல ஒருவர் கூடக் கிடையாதா என்று கேட்டாள்.

அப்போதுதான் முதலாளி திரும்பி என்னைக் கையைக் காட்டினார். "நம்ம எழில்மதி இருக்காளே! கல்யாணத்துக்கு முன்னால இருந்து இங்கதான் பில் போடறா. தெனமும் ஏறித்தான் வர்றா. ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பாளா, கேளுங்க" என்றார்.

காயத்ரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பில் மெஷினில் பேப்பர் மாற்றினேன்.

நீங்கள் அவளை தைரியசாலி என்று எழுதினீர்கள். அவள் தைரியசாலிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வயிறு எரிகிறது மாமா. பொறாமை என்று நல்ல தமிழில் எழுதிப் பார்த்தேன், சூடு குறையவில்லை. அவளுடைய நாற்காலி சிவப்பு நிறம். அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. ஒரு விரலால் தள்ளினால் போகிறது. காலில் மாட்டியிருக்கிற என் இரும்புக் காலிப்பர் நடக்கும்போது கிறீச்சிடுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால் அப்புறம் வா என்கிறார்கள். அவள் நகத்தில் பாலிஷ் போட்டிருந்தாள். அவளை எல்லாரும் மேடம் என்கிறார்கள். என்னை வாடிக்கையாளர்கள், "அந்தக் கால் வராத பொண்ணுகிட்ட பில் குடுங்க" என்கிறார்கள், காது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும் என்பது தெரியாமல். நடந்து திரிந்தவளுக்கு இந்த வாழ்க்கை வந்து இரண்டே வருஷம்தான் ஆகிறது. அதற்குள் சட்டம் தெரிந்திருக்கிறது, அதிகாரி பெயர் தெரிந்திருக்கிறது. எனக்கு இது நினைவு தெரிந்த நாள் முதல். கடைக்காரர் வழி செய்து கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதே அவள் வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் திறந்த உடனேயே நான் கடைக்குப் போய்விடுவதை நீங்கள் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆள் வருவதற்குள் போனால்தான் நான் ஏறுவதை யாரும் பார்க்க மாட்டார்கள். கிரானைட்டில் ஊன்றுகோல் வழுக்கும். அதனால் ஊன்றுகோலை மேலே எறிந்துவிட்டு, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றிப் பின்பக்கமாக ஒவ்வொன்றாக ஏறுவேன். மேலே போய்ப் புடவையைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நான் எல்லாரையும் போல. கழிப்பறை மாடியில். அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்த்து ஒட்டகம் என்று கேலி செய்வீர்களே. பகலெல்லாம் நான் குடிப்பதில்லை மாமா.

அவள் புகார் கொடுத்தாள். கடலூரிலிருந்து ஒரு அதிகாரி அம்மா விசாரிக்க வந்தார். அதற்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒனக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, போதும். ஒன் நாற்காலி எப்பவும் ஒனக்குத்தான்" என்றார். தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல இருந்தேன். இந்த வேலையை விட்டால், ஊன்றுகோலோடு போனால் வேறு எந்தக் கடையில் என்னை வைத்துக்கொள்வார்கள்?

அதிகாரி அம்மா படிக்குக் கீழே நின்றபடி, "உங்களுக்கு இங்க ஏதாவது சிரமம் இருக்காம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் காயத்ரி முந்திக்கொண்டாள். "மேடம், நான் எனக்காகக் கேக்கல. இந்த அக்காவுக்காகத்தான் கேக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, மாறுவேடப் போட்டியில் நிற்கிற குழந்தையை அம்மா பார்ப்பது போல, சொல்லு சொல்லு என்று தலையசைத்தாள்.

எனக்குள் என்ன ஆனதென்று தெரியவில்லை. என் கஷ்டத்தைக் கூட அவள் பெயரில் எழுதிக்கொள்வாளா? "எனக்காக யாரும் கேக்க வேணாங்க, எனக்கு வாய் இருக்குது" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. "வாசல்ல சாய்தளம் மட்டும் போட்டாப் பத்தாது மேடம். கழிப்பறை மாடில இருக்குது, நான் பொழுதுக்கும் தண்ணி குடிக்கிறதில்ல. மாடிப்படிக்குப் பிடி கெடையாது. பில் மேசை எனக்கு ஒசரம், பணம் வாங்கறப்பல்லாம் எழுந்து நிக்கணும்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காயத்ரி தலையசைப்பதை நிறுத்திவிட்டாள். கழிப்பறை விஷயம் அவளுக்குத் தெரியாது. அது என்னுடையது. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்த அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

அதிகாரி அம்மா எழுதிக்கொண்டு போன பிறகு, முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா. சொல்லி அனுப்பறேன்" என்றார். என் நாற்காலியில் வேணு உட்கார்ந்தான். நான் பக்கச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அத்தையிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன்.

முதலாளிக்குப் போன் செய்து சண்டை போடாதீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும். வேலை போய்விட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், அது எனக்குத் தெரியும். நம் கல்யாணத்தில் எல்லாரும் உங்கள் கையைப் பிடித்து "பெரிய மனசுப்பா ஒனக்கு" என்று சொன்னபோது, பக்கத்தில் மாலையோடு நின்ற எனக்குக் கடையில் சம்பளம் வாங்குகிற ஒரு வேலை இருந்தது. அதை நினைத்துத்தான் அன்றைக்கு நிமிர்ந்து நின்றேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாரியாத்தா உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்
எழில்மதி


மந்தாரக்குப்பம்,
வெள்ளிக்கிழமை

என் மாமாவுக்கு, எழில்.

தபாலில் போடுகிறேன், எப்போது வந்து சேருமோ. கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் போனில் உடனே ரயில் ஏறுகிறேன் என்றது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. வராதீர்கள் என்று நான் சொன்னது சரிதான். நீங்கள் வந்து முதலாளியிடம் பேசியிருந்தால் அதுவும் இன்னொருவர் எனக்காகப் பேசியதாக ஆகியிருக்கும். மீதியை எழுதுகிறேன் என்றேனே, எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆகிவிட்டது, இதோ.

நான் வீட்டில் இருந்தபோது காயத்ரி வந்தாள். வேணுவிடம் விலாசம் கேட்டு, அவள் அப்பா காரில் கொண்டுவந்து விட்டார். நம் தெரு உங்களுக்குத் தெரியாததா? சாக்கடை மேல் உடைந்த பலகைக் கல், அதற்கு மேல் நம் வாசல்படி. அவளுடைய சிவப்பு நாற்காலி கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். என் வீட்டுக்குள்ளும் அவளால் வர முடியாது என்று பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. உங்கள் பெண்டாட்டி அவ்வளவு நல்லவள் இல்லை.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வூட்டுக்கு வந்த பொண்ண வெயில்ல நிக்க வெச்சிக்கினு என்னாடி பேச்சு?" என்று என்னைத் திட்டி, குடையும் மோரும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊர் வேடிக்கை பார்க்க, சாக்கடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நாங்கள் பேசினோம்.

என்னை வேலையை விட்டு நிறுத்த முதலாளிக்கு உரிமை இல்லை, அதையும் புகாரில் சேர்த்து எழுதட்டுமா என்று காயத்ரி கேட்டாள். வேண்டாம் என்றேன். கோபமா அக்கா என்றாள். "கோபம் இல்ல. உன்னப் பாத்தா எரியுது" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்ததோ.

அவள் மோரைக் குடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு உங்களப் பாத்து எரியுதுக்கா. நீங்க தனியா ஸ்கூட்டி ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறீங்க. எங்க அப்பா இல்லாம நான் தெருமுனை வரைக்கும் போனதில்ல. வேலைக்குப் போற இடத்துல எல்லாம் என்னைப் பாத்துட்டு அப்புறம் சொல்றோம்ன்றாங்க. எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தாங்க, தெரியுமா? ஆஸ்பத்திரியில இருக்கும்போதே அந்த வீட்ல வேணாம்னுட்டாங்க. எனக்குக் குறிச்சிருந்த அதே தேதியில இப்ப தங்கச்சிக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க. அன்னைக்குப் புடவை எடுக்க வந்தது அதுக்குத்தான்."

இதைக் கேட்டு என் மனசு உருகிவிட்டது என்று எழுதினால் பொய். அவளுக்கு என் மேல் பொறாமை என்று கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம்தான். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் ஒருத்தி இருக்கிறாள்! அவள் கார் திரும்பிப் போன பிறகுதான் அந்தத் தேதி விஷயம் மெதுவாக உறைத்தது. அத்தை கொடுத்த குடையை அவள் மறந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். போகட்டும் என்றேன்.

ஆனாலும் அந்த ராத்திரி முழுக்க ஒரே நினைப்பு. அவள் வெயிலில் உட்கார்ந்ததை ஒடிசா வரைக்கும் பார்த்திருக்கிறார்கள். நான் ஏறுவதைக் கடை வேலைக்காரர்கள் கூடப் பார்த்ததில்லை, நான்தான் மறைத்தேன். அவளால் எல்லார் முன்னாலும் உட்கார முடியுமென்றால் என்னால் முடியாதா?

முகூர்த்த வாரம். கடையில் நல்ல கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். ஸ்கூட்டியை வாசலுக்கு நேரே நிறுத்தினேன். ஊன்றுகோலை மேலே எறிந்தேன், அது கண்ணாடிக் கதவில் மோதி விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதல் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, எப்போதும் போலப் பின்பக்கமாக ஏறினேன். காலிப்பர் ஒவ்வொரு படியிலும் இடித்துச் சத்தம் போட்டது. காலையில் ஆள் இல்லாதபோது அந்தச் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. ஒருத்தர் போனை நீட்டினார். முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை.

முதலாளி ஓடிவந்து, "எழுந்திரும்மா, என்ன இது, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். "பாக்கட்டும் மொதலாளி. நான் தெனமும் இப்பிடித்தான் வேலைக்கு வரேன்" என்றேன். வேணு தூக்கிவிடக் கை நீட்டினான். வேண்டாம் என்று சொன்னேன்.

படியில் புடவைப் பையோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா அப்படியே நின்றார். பொன்னம்மாள் என்று பெயர், திருவதிகை, மகளுக்கு வளைகாப்புத் துணி எடுக்க வந்தவர். நல்ல கனத்த உடம்பு. ஒவ்வொரு படிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். என்னையே பார்த்தவர், "என்னாடியம்மா, தெனம் இப்பிடித்தான் ஏறிக்கினு வரியா? எனக்கு இது தோணாமப் போச்சே!" என்று சொல்லி, பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஒரு படி கீழே நகர்ந்து பார்த்தார். "ஆங், முட்டி வலிக்கல. யோவ் மொதலாளி, சாய்தளமோ என்னாவோ சொல்றாங்களே, எங்க முட்டிக்கும் சேத்துப் போடுய்யா. இல்லன்னா இனிமே எல்லாருமே இப்பிடித்தான் எறங்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்ணும் ஆமாம் போடச் சொல்லுங்க என்றாள். கல்லாவில் பணம் கட்ட நின்றவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை மாமா. எனக்கு வேலை கொடுத்தது அவர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வேலை கொடுத்ததோடு எல்லாம் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கீழே இறங்கி வந்து, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக, "இப்படியா ஏறுவ? நான் ஒரு நாளும் பாத்ததில்லையேம்மா" என்றார். "நீங்க வரும்போது நான் நாற்காலியில இருப்பேன் மொதலாளி" என்றேன். அவர் எழுந்து வேணுவைக் கூப்பிட்டு, என் நாற்காலியை என்னிடமே விடச் சொன்னார்.

அதிகாரியின் உத்தரவும் வந்து சேர்ந்தது. வாசலின் ஒரு பக்கத்தை இடித்து, நீளமாகச் சாய்தளம் போட்டு, இரண்டு பக்கமும் கம்பி வைத்தார்கள். கீழேயே, கிடங்கு இருந்த மூலையில், அகலக் கதவோடு ஒரு கழிப்பறை. பில் மேசையைத் தாழ்த்திவிட்டார்கள்.

திறப்புக்கு ரிப்பன் வெட்ட யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? காயத்ரியைத்தான். பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைகள் பூத்தூவ, அவள் நாற்காலி வழுக்கிக்கொண்டு மேலே போனது. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. அதில் நான் பாதிதான் இருக்கிறேன், மற்றப் பாதியை முதலாளியின் தோள் மறைத்துவிட்டது. திரும்பவும் எரிந்தது மாமா, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கழிப்பறைக்கு யாரும் ரிப்பன் கட்டவில்லை. அதில் முதலில் போனது நான். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகும், சுவரில் வைத்த புதுக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வாங்கக்கா, எனக்கும் அவசரம்" என்றாள். இருவரும் சிரித்தோம். அவளுக்கு இங்கேயே கணக்கு எழுதுகிற வேலை தரலாமா என்று முதலாளி என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். கொடுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது. சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து, எங்கே போனாலும் நீங்கள் எனக்குப் பின்னால்தான் வருவீர்கள். நான் விழுந்தால் பிடிக்க, இரண்டு கையையும் கொஞ்சம் விரித்துக்கொண்டு. எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். காலை வெயிலில் நம் நிழல் முன்னால் விழும்போதெல்லாம் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஆறுதல்தான். ஆனால் பின்னால் வருகிறவர் முகம் எனக்குத் தெரிவதில்லை மாமா. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு வருகிறீர்களா, என் காலைப் பார்த்துக்கொண்டு வருகிறீர்களா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

இந்த முறை பக்கத்தில் நடந்து வாருங்கள். விழுந்தால் விழுகிறேன், எழுந்துகொள்ள எனக்குத் தெரியும்.

கண்ணையும் கையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்
எழில்மதி